அறிவிப்பில் 'ஏழை மாணவர்' என்று போடலாமா?

கேள்வி: 2025 ஜூன் 3

நாங்கள் படித்த அரசு உயர்நிலைப் பள்ளிக்காக முன்னாள் மாணவர்கள் சேர்ந்து கொஞ்சம் பணம் திரட்டியிருக்கிறோம். பத்தாம் வகுப்பு முடித்து மேலே படிக்கப் போகும் 12 பேருக்குக் கொடுப்பதாக முடிவு. "ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை" என்று அறிவிப்பு எழுதினேன். குழுவில் ஒருவர், 'ஏழை' வேண்டாம், 'குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்' என்று போடு என்கிறார். இன்னொருவர், சொல்லை மாற்றினால் வயிறு நிறையுமா, உள்ளதைப் போடு என்கிறார். பள்ளிச் சுவரில் ஒட்டப் போகிற அறிவிப்பு. எது சரி?

ஜூன் 3, இரவு

'ஏழை' வேண்டாம். காரணம் நீளமானது, நாளை எழுதுகிறேன். அதுவரை சுவரில் ஒட்டாதீர்கள்.

ஜூன் 4

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது யாரோ நோட்டுப் புத்தகம் கொடுக்க வந்திருந்தார்கள். ஆசிரியர் உள்ளே வந்து, "ஏழைப் பிள்ளைங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்றார். அதட்டிச் சொல்லவில்லை. கணக்கு நோட்டை எடுங்கள் என்று சொல்கிற அதே குரல்தான்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். அவள் வீடும் எங்கள் வீடும் ஒரே தெரு, இரண்டும் கூரை வீடு. நான் எழுந்திருக்கவில்லை. முந்தின நாள் எங்கள் வீட்டில் மீன் குழம்பு. மீன் குழம்பு வைத்த வீடு ஏழை வீடா இல்லையா என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. யோசித்து முடிப்பதற்குள் பெயர் எழுதி முடித்துவிட்டார்கள். நின்றவர்களுக்கு ஆளுக்கு 6 நோட்டு. அந்த வருஷம் நான் பழைய நோட்டுகளில் மிச்சமிருந்த தாளைப் பிரித்து அப்பா தைத்துக் கொடுத்ததில் எழுதினேன்.

நோட்டு போனதுகூடப் பெரிதில்லை. பக்கத்தில் இருந்தவள் அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசவில்லை. பல வருஷம் கழித்து அவள் கல்யாணத்துக்குப் போனபோதுதான் சொன்னாள்: "நீயும் எந்திரிச்சிருக்கலாம். என்னைத் தனியா நிக்க வச்சுட்ட."

சுவரில் 'ஏழை மாணவர்' என்று ஒட்டினால், அதைப் படிக்கிற பதினைந்து வயதுப் பிள்ளை ஒவ்வொன்றும் எழுந்து நிற்பதா வேண்டாமா என்று யோசிக்கும். அதனால்தான் வேண்டாம் என்றேன்.

ஜூன் 5

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் சோறு பொங்கியதே 'ஏழை' என்ற சொல்லால்தான். அப்பா தாலுகா ஆபீஸ் வாசலில் புங்க மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதியவர். விழுப்புரம் மாவட்டம். ஒரு மடக்கு மேசை, ஒரு குடை, முழுத்தாள் கட்டு.

அவர் மனுவின் நடை எனக்கு இன்னும் மனப்பாடம். "ஐயா, நான் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன். கூலி வேலை செய்து பிழைத்து வரும் ஏழை. எனக்கு இதைத் தவிர வேறு ஜீவனம் இல்லை. ஐயா அவர்கள் கருணை கூர்ந்து..." இப்படிப் போகும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் 'ஏழை' என்ற சொல்லை ஒரு தடவைகூடச் சொல்லியிருக்க மாட்டார். கிணறு தூர்ந்த கதை, மருமகன் விட்டுப் போன கதை, மாடு செத்த கதை என்று சொல்வார். அப்பா அதையெல்லாம் கேட்டுவிட்டு 'ஏழை' என்று எழுதுவார்.

ஏன் அப்படி எழுதுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "அவங்க வாயில அது வராது பாப்பா. வராத சொல்லை எழுதிக் குடுக்கத்தான் நான் உட்கார்ந்திருக்கேன்" என்றார்.

நான் இப்போது அதே ஊரில் இ-சேவை மையத்தில் வேலை செய்கிறேன். மனுவுக்குப் பதில் விண்ணப்பம், அவ்வளவுதான். கேள்விகள் திரையில் வருகின்றன.

ஜூன் 6

வருகிறவர்கள் தங்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று இன்று முழுக்கக் கவனித்துக் கேட்டேன். "வசதி கம்மிம்மா." "கஷ்டந்தான்." "கூலி வேலை." "ஒண்ணும் முடியல." "வாரக் கடன் ஓடுது." 'வறுமை' என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அது மேடையிலும் பாடப் புத்தகத்திலும் இருக்கிற சொல்.

அடுத்தவரைச் சொல்லும்போதுதான் சொல் கடுமையாகிறது. வக்கில்லாதவன், ஓட்டாண்டி, பஞ்சப் பராரி, நாதியத்தவ. இவற்றில் பாதி ஒருவரிடம் என்ன இல்லை என்று சொல்வதோடு நிற்காமல், அவரே ஒன்றுக்கும் ஆகாதவர் என்கின்றன. 'வக்கு' என்றால் வழி, திராணி. பணம் இல்லாததைத் திராணி இல்லாததாக மாற்றிவிடுகிற சொல் அது.

ஒரே ஒரு சொல்மீது எனக்கு மதிப்பு உண்டு: அன்றாடங்காய்ச்சி. அன்றைக்கன்றைக்கு உலை வைப்பவர். எவ்வளவு வருகிறது என்பதை விட்டுவிட்டு, வந்தது எத்தனை நாள் தாங்கும் என்று கேட்கிற சொல். ஏளனமாகவும் இதைச் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் எந்தக் குழு எழுதிய வரையறையையும்விட இதில் விவரம் அதிகம்.

ஜூன் 8

'குறைந்த வருமானம்' என்று போடச் சொன்ன நண்பருக்கு: வருமானம் என்று எழுதினால் உடனே எவ்வளவு என்ற கேள்வி வரும். அங்கேதான் சிக்கல்.

வருமானச் சான்றிதழுக்கு எங்கள் மையத்தில் எண் 103. கட்டணம் 60 ரூபாய். அதில் 'ஆண்டு வருமானம்' என்று ஒரு கட்டம். நாற்று நடப் போகிறவரிடம் ஆண்டு வருமானம் கேட்டால் என்ன சொல்வார்? நான் வேறு மாதிரி கேட்பேன். ஒரு நாளைக்கு என்ன கூலி, மாசத்தில் எத்தனை நாள் வேலை, ஐப்பசி கார்த்திகையில் வேலை உண்டா, நூறு நாள் வேலை எத்தனை நாள் கிடைத்தது. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ஆம் வருஷக் கூலி 336 ரூபாய். முழு நூறு நாளும் கிடைத்தால் 33,600. முழுக் கூலியோடு நூறு நாளும் கிடைத்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இவ்வளவும் கேட்டுக் கணக்குப் போட்ட பிறகு அவர்களே ஒரு தொகையைச் சொல்வார்கள்: "எழுபத்திரண்டாயிரம்னு போடுங்க." முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கும் தாலிக்குத் தங்கம் திட்டத்துக்கும் 72,000 உச்சவரம்பாக இருந்தது. பிறகு காப்பீட்டுக்கு மட்டும் அது 1,20,000 ஆயிற்று. ஆனாலும் எங்கள் ஊரில் 72,000 நிலைத்துவிட்டது. பூக்கட்டுகிறவருக்கும் 72,000, மேஸ்திரிக்கும் 72,000, சொந்தமாக ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் 72,000. யாரும் அதைப் பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. அவர்களுக்கு அது 'வசதி கம்மி' என்பதற்கு அரசாங்க மொழியில் உள்ள சொல்.

கணக்குப் பார்த்தேன். 72,000 என்றால் நாள் ஒன்றுக்கு 197 ரூபாய். நாலு பேர் வீட்டில் ஆளுக்கு 49. ரங்கராஜன் குழு 2014இல் நகரத்துக்குச் சொன்ன வறுமைக் கோடு நாளைக்கு ஆளுக்கு 47 ரூபாய். இரண்டும் இவ்வளவு நெருக்கமாக வந்தது எனக்கு ஆச்சரியம். உலக வங்கி இப்போது நாளைக்கு 3 டாலர் என்று கோட்டை உயர்த்தியிருக்கிறது. அது 255 ரூபாய்.

ஜூன் 9

நேற்று எழுதியதில் இரண்டு தவறு. கீழே சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

ஒன்று, 3 டாலரை வங்கி மாற்று விலையால் பெருக்கக் கூடாது. அது வாங்கும் திறனை வைத்துக் கணக்கிடுகிற டாலர். இங்கே ஒரு டாலர் பெறுமானப் பொருளை 85 ரூபாயைவிட மிகக் குறைவாக வாங்கலாம் என்று வைத்துப் போடுகிற கணக்கு. அதன்படி பார்த்தால் நான் எழுதியதில் கால் பங்குதான் வரும். 255 என்பதை அடித்துவிடுங்கள்.

இரண்டாவது தவறுதான் பெரியது. வறுமைக் கோடு வருமானத்தை அளப்பதில்லை, செலவை அளக்கிறது. 47 ரூபாய் என்பது 2011-12 விலையில் ஒருவர் செலவழிப்பது. 72,000 என்பது வீட்டுக்கு வருவது. இரண்டையும் பக்கத்தில் வைத்தது என் பிழை.

ஆனால் இதை எழுதும்போதே வேறொன்று உறைக்கிறது. வட்டிக்கு வாங்கிப் பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கிற வீட்டில் செலவு அதிகம். நாலு குழுக் கடனில் ஓடுகிற வீடு, செலவை மட்டும் பார்த்தால் கோட்டுக்கு மேலே நிற்கும். கடன் வாங்கத் தெம்பில்லாமல் மருந்தே வாங்காமல் கிடக்கிற வீடு கீழே நிற்கும். முதல் வீடு எங்கள் தெருவில் இருக்கிறது. அவர்களைப் போய் 'கோட்டுக்கு மேலே' என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஜூன் 16

இன்று திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். ஒரு பெரியவருக்குத் துணையாகப் போயிருந்தேன். வரிசையில் நின்ற நேரத்தில் இந்தக் 'கோடு' பற்றித்தான் யோசனை.

திட்டக் குழு அமைத்த ஒரு குழு 1979இல், ஆளுக்கு நாளொன்றுக்குக் கிராமத்துக்கு 2,400 கலோரி, நகரத்துக்கு 2,100 கலோரி என்று வைத்து, அதை வாங்க ஆகும் செலவைக் கோடாக்கியது. 1973-74 விலையில் மாதம் கிராமத்தில் 49 ரூபாய் சொச்சம், நகரத்தில் 56 ரூபாய் சொச்சம். அப்புறம் அந்தக் கோட்டைத் திருத்திப் போட்ட டெண்டுல்கர் குழு. 2011இல் உச்ச நீதிமன்றத்தில் திட்டக் குழு சொன்னது, நாளைக்கு ஆளுக்கு நகரத்தில் 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய், பலருக்கு நினைவிருக்கும். நாடு முழுக்கக் கோபம் எழுந்தது. அந்தக் கோபம் எனக்கு நியாயமாகவே பட்டது. ஆனால் கோபம் எல்லாம் தொகை மீதே நின்றுவிட்டது. 'கோடு' என்ற சொல்லை யாரும் கேள்வி கேட்கவில்லை. கோடு என்றால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று இரண்டுதான் உண்டு. ஆடி மாசம் கீழேயும் தை மாசம் மேலேயும் இருக்கிற குடும்பத்துக்கு அதில் இடம் இல்லை.

பெரியவர் கையில் பழைய காகிதம் ஒன்று வைத்திருந்தார். பி.பி.எல். எண், அதாவது வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர் பட்டியலுக்கான எண். 2002 கணக்கெடுப்பு. ஊரக வீடுகளுக்கு 13 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 52. குறைவாக வாங்கினால் ஏழை. அதில் ஒரு கேள்வி ஆளுக்கு எத்தனை துணி இருக்கிறது என்பது. இரண்டுக்குக் கீழே என்றால் பூஜ்யம், பத்தும் அதற்கு மேலும் என்றால் 4.

"என் பொண்டாட்டி சீலையை எண்ணிச் சொன்னா. கிழிஞ்சதையும் சேத்துச் சொல்லிட்டா" என்றார். இத்தனை வருஷம் கழித்தும் அவருக்கு அந்தக் குறை இருக்கிறது. கிழிந்த புடவையை எண்ணாமல் விட்டிருந்தால் வீடு கிடைத்திருக்கும் என்று நம்புகிறார். கணக்கெடுத்தவர் முன்னால் தன் புடவைகளை எண்ணிக் காட்டிய அந்த அம்மா இப்போது உயிரோடு இல்லை.

ஜூன் 17

'அப்படியானால் ஏழையை எப்படித்தான் கண்டுபிடிப்பது, எல்லாருக்கும் கொடுத்துவிட முடியுமா?' என்று கேட்டவருக்கு: ஒரு விஷயத்தில் கொடுத்தோமே. 1997இல் மற்ற இடங்களில் ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்கவில்லை. அதனால் இங்கே ரேஷன் கடை வரிசையில் நிற்க யாரும் தன்னை ஏழை என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. அரிசி கார்டு, சர்க்கரை கார்டு, அவ்வளவுதான். கார்டுக்கு அதில் வாங்குகிற பொருளின் பெயர், ஆளின் பெயர் இல்லை. இப்போது அட்டையில் 'முன்னுரிமை', 'முன்னுரிமையற்ற' என்று குறியீடு இருக்கிறது. எங்கள் தெருவில் இன்னும் அரிசி கார்டுதான்.

உங்கள் அறிவிப்புக்கு இது உதவும் என்று நினைக்கிறேன். பிறகு வருகிறேன்.

ஜூன் 22

வேறு பேச்சு. அம்மாவிடம் இந்த வாதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "நம்ம வீட்டுல அரிசி தீந்தா நான் என்னன்னு சொல்லுவேன்?" என்று கேட்டார். ஞாபகம் வந்துவிட்டது. "அரிசி நிறைஞ்சிருக்கு" என்பார். காலிப் பானையைப் பார்த்துக்கொண்டே நிறைந்திருக்கிறது என்பார். அரிசி, உப்பு, குங்குமம் மூன்றுக்கும் 'இல்லை' என்ற சொல் வீட்டில் கூடாது. அப்பாவும் புரிந்துகொண்டு பையை எடுப்பார்.

திருக்குறளில் நல்குரவு அதிகாரத்தில் வறுமைக்கு 'இன்மை' என்ற பேர் இருக்கிறது. அதே அதிகாரத்தில், 1048ஆம் குறளில், 'நிரப்பு' என்றும் வருகிறது. நேற்று வந்து கொன்றது போல வருத்திய நிரப்பு இன்றும் வருமோ என்று ஒருவர் அஞ்சுகிறார். நிரப்பு என்றால் அங்கே வறுமை. பள்ளியில் படித்தபோது இது ஏன் என்று புரியவில்லை. அம்மா பானையைப் பார்த்துச் சொன்னதை நினைத்தால் எனக்குப் புரிகிறது.

வீட்டுக்குள்ளே 'இல்லை' என்று சொல்லாமல் காத்த அதே அம்மா, தாலுகா ஆபீசில் 'இல்லை' என்று சொல்ல வேண்டும். கணவர் இல்லை, நிலம் இல்லை, வேறு ஜீவனம் இல்லை. எத்தனை 'இல்லை' சொல்கிறோமோ அத்தனை சீக்கிரம் கையெழுத்து. இதுதான் என்னை உறுத்துகிறது, இந்த மூன்று வாரமாகச் சொல்ல வந்ததும் இதுதான்.

ஜூலை 2

'விலையில்லா' பற்றிக் கேட்டிருந்தார்கள். 2011க்குப் பிறகு அரசாங்க அறிவிப்புகளில் 'இலவசம்' போய் 'விலையில்லா' வந்தது. விலையில்லா அரிசி, விலையில்லா மிக்சி, கிரைண்டர், விலையில்லா ஆடு. அப்போது இதைச் சொல் அலங்காரம் என்று நானும் சொன்னேன். இப்போது மாற்றிக்கொள்கிறேன். இல்லாமை வாங்குகிறவரை விட்டுப் பொருளின் விலைக்குப் போய்விட்டது. இல்லாதவருக்கு அரிசி என்பது வேறு, விலை இல்லாத அரிசி என்பது வேறு. பேச்சில் எல்லாரும் 'இலவச அரிசி' என்றுதான் சொல்கிறார்கள், அது உண்மை. ஆனால் எழுத்தில் இருப்பதற்கும் ஒரு பலன் உண்டு.

தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடத்துக்கான விண்ணப்பத்தில் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்' என்று வரும். மறுக்கப்பட்ட என்றாலே மறுத்தவர் ஒருவர் உண்டு என்று ஆகிறது. பக்கத்திலேயே 'நலிவடைந்த பிரிவினர்' இருக்கிறது. அதில் நலிவு தானாக வந்தது போல இருக்கிறது, காய்ச்சல் மாதிரி.

இந்த 'நலிவு' எவ்வளவு தூரம் நீளும் என்றும் பாருங்கள். 2019இல் அரசமைப்புச் சட்டத்தின் 103ஆவது திருத்தம் வந்தது. அதன்படி வந்த பத்து சதவீத ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குக் கீழே வருமானம் உள்ளவர் பொருளாதாரத்தில் நலிவுற்றவர். மாதக் கணக்கில் அந்த வரம்பு 66,000க்கு மேல். மாத வருமானம் 6,000 ரூபாய் என்று சான்றிதழ் வாங்குகிற பூக்காரம்மாவும் நலிவுற்றவர். ஒரே சொல்லில் இருவரையும் உட்கார வைத்தால் இடம் யாருக்குக் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும்.

ஜூலை 19

முகாம் வேலை, அதனால் எழுத முடியவில்லை. மகளிர் உரிமைத் தொகைக்கு மனு கொடுக்க நிறையப் பேர். 2023 செப்டம்பரில் திட்டம் தொடங்கியபோதே இது உதவித்தொகை இல்லை, உரிமைத் தொகை என்று சொல்லித்தான் தொடங்கினார்கள். எனக்கு அந்தப் பேர் பிடிக்கும். வருகிற பெண்கள் குரலிலும் அது தெரிகிறது. "என் ஆயிரம் ரூபா ஏன் வரல?" என்று கேட்கிறார்கள். 'என்' என்கிறார்கள். அப்பாவின் மேசைக்கு முன்னால் அந்த 'என்' வந்ததே இல்லை.

ஆனால் அதற்கும் வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், வருஷத்துக்கு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள், நஞ்சை 5 ஏக்கருக்குள் என்று நிபந்தனைகள் உண்டு. நிபந்தனை வைப்பது தப்பில்லை. அதைத் தாண்டாதவரைத் 'தகுதியுள்ளவர்' என்றும் தாண்டியவரைத் 'தகுதியற்றவர்' என்றும் எழுதுவதுதான் இடிக்கிறது. செய்தியைப் படித்துக் காட்டச் சொன்ன ஓர் அக்கா, "எனக்கென்ன தகுதி இல்லையாம்?" என்று கேட்டார். கரண்ட் யூனிட் கூட வந்துவிட்டது அக்கா என்றேன். "அதைச் சொல்ல வேண்டியதுதானே" என்றார்.

மதியம் வந்த இன்னொரு அம்மாவைப் பற்றியும் எழுத வேண்டும். கணவர் இறந்து மூன்று வருஷம். ஆதரவற்ற விதவை ஓய்வூதியம். படிவத்தை நான் வாய்விட்டுப் படித்தேன். 'ஆதரவற்ற' என்றதும் கையை நீட்டித் தடுத்தார். "யம்மா, எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு. கட்டிக் குடுத்துட்டேன். போன் பண்ணாத நாள் கிடையாது. ஆதரவு இல்லன்னு எழுதினா அதுங்க கேட்டா என்ன நினைக்கும்?" அது திட்டத்தின் பேர், உங்களைச் சொல்லவில்லை என்று எவ்வளவோ சொன்னேன். யோசித்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார். ஒரு சொல்லுக்காக மாதம் 1,200 ரூபாயை விட்டுவிட்டுப் போகிறார். சொல்லை மாற்றினால் வயிறு நிறையுமா என்று கேட்டவர் இதைப் படிக்க வேண்டும்.

ஜூலை 21

அவர் படித்திருக்கிறார். அவர் பதிலில் நியாயம் இருக்கிறது. 'ஏழை' என்ற சொல்லை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டால், ஏழைகள் இருக்கிறார்கள் என்றே யாரும் பேச மாட்டார்கள், 'விளிம்புநிலை', 'அடித்தட்டு' என்று வழுக்கிக்கொண்டே போவார்கள் என்கிறார். ஒத்துக்கொள்கிறேன். நாலு பேர் சேர்ந்து நின்று 'நாங்கள் ஏழைகள், எங்கள் கூலியைக் கொடு' என்று கேட்கும்போது அந்தச் சொல்லுக்குப் பலம் இருக்கிறது. அதை யாரும் பிடுங்கக் கூடாது. 1971 தேர்தலில் இந்திரா காந்தி 'வறுமையே வெளியேறு' என்று முழங்கியதும் அப்படி ஒரு பலத்தை நம்பித்தான்.

நான் வேண்டாம் என்பது ஒரு பிள்ளையைத் தனியாக எழுப்பி நிறுத்த அதைப் பயன்படுத்துவதை. ஜூன் 3 இரவு எழுதியதில் இந்த வேறுபாடு இல்லை. இப்போது சேர்த்துக்கொள்கிறேன்.

யார் ஏழை என்று ஊரே சேர்ந்து சொன்னால் சரியா என்றும் கேட்கிறார். புது வாழ்வுத் திட்டத்தில் மக்கள் நிலை ஆய்வு நடந்தபோது நான் கூட இருந்தேன். தெருவில் கோலமாவால் ஊர்ப் படம் போட்டு, வீடு வீடாக மிகவும் ஏழை, ஏழை, நடுத்தரம், வசதி என்று பெண்கள் பிரித்தார்கள். "மாடு இருக்கு, ஆனா கறக்கறதுக்கு அவளுக்குக் கை வராது", "மகன் சென்னையில, பணம் அனுப்பறதில்ல." எந்தப் படிவமும் கேட்காததை அவர்கள் கேட்டார்கள். அது நல்ல வேலை. பட்டியலைப் பொதுவில் ஒட்டியதும், 'மிகவும் ஏழை'யில் பேர் வந்த ஒருவர் சாயங்காலம் வந்து தன் பேரை மட்டும் சாணியால் மெழுகிவிட்டுப் போனார்.

ஜூலை 28

அந்த அம்மா வந்தார். மூத்த மகளையும் கூட்டிவந்தார். மகள்தான், "எழுதிக்கோங்கக்கா, நான் ஒண்ணும் நினைக்கல" என்றாள். அம்மா திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டே கைரேகை வைத்தார்.

ஆகஸ்ட் 3

சரி, அறிவிப்பு. இப்படிப் போடலாம்:

"பத்தாம் வகுப்பு முடித்து மேலே படிக்கப் போகும் மாணவ மாணவியருக்கு, கட்டணம், புத்தகம், விடுதிச் செலவுக்கான படிப்புத் தொகை. இந்த ஆண்டு 12 பேருக்கு. வேண்டுபவர் பெற்றோருடன் வகுப்பாசிரியரை ஆகஸ்ட் 20க்குள் பார்க்கவும்."

ஏழை இல்லை, வருமானம் இல்லை, தகுதி இல்லை. செலவின் பெயர் மட்டும். யாருக்கு அதிகம் தேவை என்பதை ஆசிரியரும் நீங்களும் உள்ளே உட்கார்ந்து பேசுங்கள். 12 பேருக்கு மேல் வந்தால் கிடைக்காதவர்களுக்கு நேரில் சொல்லுங்கள், பணம் போதவில்லை என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. மேடையில் பேர் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டாம். போட்டோவும் வேண்டாம்.

ஆகஸ்ட் 4

ஒரு திருத்தம். 'பெற்றோருடன்' என்பதை எடுத்துவிட்டு 'வீட்டுப் பெரியவர் ஒருவருடன்' என்று போடுங்கள். பாட்டியோடு இருக்கிற பிள்ளைகள் உங்கள் பள்ளியிலும் இருப்பார்கள்.